ஊமையின் ஒரே கூச்சல்

ஐந்தடி மூன்று அங்குல உயரத்தை வைத்துக்கொண்டு, பதினேழு வயதில், மின்சாரக் கம்பெனி கிரிக்கெட் அணியில் விக்கெட் கீப்பராக இடம் பிடித்தான் என் தம்பி. தேர்வு நடந்த அன்று மைதானத்தில் இருந்தவர்கள், "கீப்பரா? ஸ்டம்ப் மறைச்சுடும்டா இவனை" என்று சிரித்தார்கள். இடது கையில் இரண்டு விரல்கள் உடைந்து கோணலாகச் சேர்ந்த பிறகும் பதினான்கு வருடம் ஆடினான். எங்கள் தெருவில் விளையாடிச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவன். பத்தாவதோடு படிப்பை விட்டவன், முழுக்க ஆங்கிலத்தில் இருந்த அம்பயர் தேர்வை இரண்டாவது முறை எழுதித் தேறினான். இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாக அவன் சம்பாதித்தது ஒன்று உண்டு. அவன் வாய் திறந்து அவுட் கேட்டால் அது அவுட்தான் என்று அம்பயர்கள் நம்பினார்கள்.

கம்பெனி வெளியிட்ட பொன்விழா மலரில், அணி ஜெயித்த லீக் கோப்பையின் படம் இருக்கிறது. கோப்பையைப் பிடித்தபடி கேப்டன் இருக்கிறார். ஓரத்தில் ஒரு கீப்பர் கையுறை மட்டும் தெரிகிறது. அது என் தம்பியுடையது. உள்ளே பிரிந்திருந்த தையலைப் போட்டுக்கொடுத்தவள் நான், அதனால் தெரியும். மலரில் அவனைப் பற்றி ஒரு வரியும் இல்லாததால் நான் எழுதுகிறேன்.

பந்து மட்டையில் பட்டு நேராகக் கீப்பர் கைக்கு வந்தால் அவுட். பட்டதா, படவில்லையா என்பது அடித்தவனுக்கும் கீப்பருக்கும் தெரிகிற அளவு, தள்ளி நிற்கும் அம்பயருக்குத் தெரியாது. அதனால் கீப்பர்கள் எதற்கும் தொண்டை கிழியக் கத்துவார்கள். நாலு தடவை கத்தினால் ஒன்றாவது கிடைக்காதா என்ற கணக்கு. என் தம்பி பட்டால் மட்டும்தான் வாயைத் திறப்பான். அதற்காக அவனுக்கு 'ஊமை' என்று பெயர் வைத்தார்கள்.

வேகப்பந்து போடுகிறவர் ஒருவர் சண்டைக்கே வந்துவிடுவார். "ஏன்டா ஊமை, கத்தினா உன் அப்பன் வீட்டுச் சொத்தா கரைஞ்சிடும்?"

"பட்டிருந்தா கத்தியிருப்பேன்ண்ணே."

"சத்தம் கேட்டுச்சேடா!"

"அது உங்க ஷூ வாய் பிளந்திருக்கு. தைக்கக் குடுங்க."

கேப்டன் நன்றாக ஆடுவார், அதைவிட நன்றாகப் பேசுவார். தம்பியின் இந்தப் பழக்கத்தை அவர் கேலி செய்ததே இல்லை. எதையும் வீணாக்காத மனிதர்.

தம்பிக்கு முப்பத்தொரு வயதான வருடம், லீக் இறுதி ஆட்டத்தில் துறைமுக அணியோடு மோதினார்கள். சீசன் முடிந்ததும் அவனை வைத்துக்கொள்வார்களா, அனுப்பிவிடுவார்களா என்று தெரியாத நேரம். முட்டி வேறு மடங்க மறுத்தது. துறைமுக அணியின் தொடக்க ஆட்டக்காரனை நெட்டையன் என்பார்கள். அவன் ஒருவனே அன்று அவர்களைக் கரைசேர்த்துவிடுவான் போல இருந்தது. தண்ணீர் இடைவேளையில் கேப்டன் தம்பியின் தோளில் கை போட்டுக்கொண்டு ஓரமாக நடந்தார். என்ன பேசினார் என்பதை அன்று வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், அவன் என்னிடம் சொன்னான்.

"ஒரே ஒரு தடவை. நெட்டையன் கால்பேடுல உரசினாக்கூடப் போதும், நீ கத்து."

"அவுட் இல்லாததை எப்படி கேப்டன் கேக்குறது?"

"நீ கேட்டா அவுட்டுதான்டா. இத்தனை வருஷமா சேத்து வச்சிருக்கியே, எதுக்கு, ஊறுகாய் போடவா? அடுத்த வருஷம் உன் இடத்துக்கு நான் பொறுப்பு."

அடுத்த சில ஓவர்களில் ஒரு பந்து நெட்டையனின் கால்பேடு வாரில் உரசிக்கொண்டு தம்பியின் கைக்குப் போனது. அவன் கத்தினான். நான் பலகை வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கேயோ அடிபட்டு அலறுவது போல இருந்தது அந்தக் குரல். அம்பயர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை, விரல் மேலே போய்விட்டது.

நெட்டையன் சண்டை போடவில்லை. தம்பியைப் பார்த்து, "பட்டுச்சா?" என்று கேட்டான். தனக்கே தெரியாமல் பட்டிருக்குமோ என்ற சந்தேகத்தில் கேட்ட கேள்வி அது. ஆமாம் என்று தலையசைத்தான் தம்பி.

கோப்பை கம்பெனிக்கு வந்தது. முக்கியமான ஆட்டத்தில் நிற்கத் தெரியாதவன் என்று சொல்லித் துறைமுக அணி அந்த வருடத்தோடு நெட்டையனைக் கழித்துக்கட்டியது. கம்பெனி என் தம்பியைக் கழித்துக்கட்ட அதன் பிறகு இரண்டு மாதம் எடுத்துக்கொண்டது. "கமிட்டி முடிவு. நான் எவ்வளவோ மல்லுக்கட்டிப் பாத்துட்டேன்" என்றார் கேப்டன். புதிதாக வந்த கீப்பர் இளைஞன். கைகள் சுமார், தொண்டை பிரமாதம்.

அதன் பிறகுதான் அம்பயர் தேர்வு எழுதினான். புறநகர் மைதானங்களில், குடிக்கத் தண்ணீரும் ஒதுங்க நிழலும் இல்லாத இடங்களில், வருடக்கணக்காக நின்றான். ஊமை என்ற பெயரும் கூடவே வந்தது. "இன்னைக்கு ஊமை அம்பயரா? அப்ப தொண்டையைக் காப்பாத்திக்கோங்கடா" என்று ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். அவன் நேர்மையை யாராவது புகழ்ந்தால் மட்டும் பேச்சின் நடுவிலேயே எழுந்து போய்விடுவான். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். காரணம் எனக்குத் தெரியும், சொல்ல வழியில்லை.

அம்பயர்களுக்கு மேல் பட்டியல் என்று ஒன்று உண்டு. அதில் பெயர் ஏறினால் பெரிய மைதானங்களில், மூன்று நாள் ஆட்டங்களில் நிற்கலாம். நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களைச் சேர்க்க மாட்டார்கள். தம்பிக்கு அந்த வருடம் ஏப்ரலில் நாற்பத்தைந்து முடிய இருந்தது. மார்ச்சில் லீக் அரையிறுதி. கேப்டன் அப்போது கிரிக்கெட் சங்கத்தின் செயலாளர். ஆடியது அவருடைய பழைய கம்பெனி அணி, அம்பயர் என் தம்பி.

எதிரணிக்குக் கடைசி ஜோடி, நான்கு ரன் வேண்டும். பந்து கீப்பரிடம் போனது, கீப்பரோடு சேர்ந்து பதினொரு பேரும் கத்தினார்கள். தம்பி இல்லை என்று தலையசைத்தான். அடுத்த பந்தில் பவுண்டரி. கம்பெனி தோற்றது.

வியர்வைக்கு மாற்றுச் சட்டை கொண்டுபோயிருந்தேன். அம்பயர் அறை என்பது ஒரு பெஞ்சும், ஒரு நாற்காலியும், ஈரத் துண்டின் நாற்றமும்தான். தாழ்ப்பாள் கெட்டுக் கதவு பாதி திறந்தே கிடந்தது. கேப்டன் எனக்கு முன்பே உள்ளே வந்திருந்தார்.

"ரிப்போர்ட்ல ஒரு வரி போதும். வெளிச்சம் மோசம், அந்தப் பந்து சரியாத் தெரியலன்னு எழுது. ஆட்டத்தை மறுபடி வச்சுக்கலாம்."

"தெரிஞ்சுது, கேப்டன். படல."

"வேற எவன் எழுதினாலும் நாங்க எழுத வச்சோம்னு பேசுவானுங்க. நீ எழுதினா ஒரு பய வாயைத் திறக்கமாட்டான். உன் பேரு அப்படி. மேல் பட்டியல் நாளைக்குக் கமிட்டிக்குப் போகுது. உனக்கு வயசு வேற ஓடுது."

"ஒரு தடவை குடுத்துட்டேனே, கேப்டன்."

"அதான் வட்டியோட திரும்பி வந்துடுச்சே!" என்று சிரித்தவர், கதவருகே என்னைப் பார்த்தார். "வாங்கக்கா. உங்க தம்பிக்குப் பிழைக்கத் தெரியல, கொஞ்சம் சொல்லுங்க."

"பிழைக்கத் தெரிஞ்சவங்க கூட இருந்து ஒரு தடவை பாத்துட்டான் சார்" என்றேன். அவர் முகம் மாறவில்லை. "அரை மணி நேரத்துல ஆள் அனுப்புறேன், குடுத்துவிடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தம்பி ரிப்போர்ட்டை எழுதினான். வெளிச்சம் நன்றாக இருந்தது, பந்து தெளிவாகத் தெரிந்தது என்றுதான் எழுதினான். பிறகு இன்னொரு தாளை எடுத்தான். பழைய இறுதி ஆட்டத்தைக் குறிப்பிட்டு, 'பந்து மட்டையில் படவில்லை. தெரிந்தே கத்தினேன். அடித்தவர் கேட்டபோது ஆமாம் என்று பொய் சொன்னேன்' என்று எழுதினான்.

"கேப்டன் சொல்லித்தான் செஞ்சேன்னு எழுதலையாடா?"

"கத்தினது நான்தானே."

"இதை எழுதினா உன் பேரே போயிடும்டா."

"போகட்டும்க்கா. அது இருக்குற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருப்பாங்க."

ஒன்று கமிட்டிக்கு, ஒன்று நெட்டையனுக்கு என்று இரண்டு பிரதி எடுத்தான். நம்பகத்தன்மை இல்லாதவர் என்ற காரணம் காட்டி எல்லாப் பட்டியல்களிலிருந்தும் அவன் பெயரை அடித்தார்கள். உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் செயலாளர். "கூட ஆடினவன் இப்படின்னு தெரியாமப் போச்சே" என்று பத்திரிகைக்காரர்களிடம் அவர் வருத்தப்பட்டதாகப் படித்தோம். இத்தனை வருடம் கழித்து எதையும் மாற்ற விதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கோப்பை கம்பெனியிலேயே இருக்கிறது.

நெட்டையன் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு நாள் போன் செய்தான். நான்தான் எடுத்தேன், தம்பியிடம் கொடுத்தேன். போனுக்கு வெளியே எனக்கும் கேட்கும்படி நெட்டையன் கத்தினான். "பட்டுச்சுன்னே நெனச்சுக்கிட்டு இருந்தேன்டா பாவி! என் பொண்டாட்டி புள்ளைங்ககிட்டயும் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன்!" பதில் சொல்லும் முன் வைத்துவிட்டான்.

தம்பி இப்போது ஒரு மரக்கடையில் பலகை அளந்து கொடுக்கிறான். மைதானம் பக்கம் போவதில்லை. அவனைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஏமாற்றுக்காரன் என்றுதான் பேசுகிறார்கள். பேசட்டும். அவர்களில் ஒருவராவது கேட்காமலே தன் பொய்யைத் தானாக எழுதிக் கொடுத்ததுண்டா?

சம்பளச் சீட்டானாலும் ஆட்ட ரிப்போர்ட்டானாலும் அவன் போடுவது இரண்டெழுத்துக் கிறுக்கல்தான். அன்று அந்த அறையில், முட்டி மேல் அட்டையை வைத்து, அந்த இரண்டாவது தாளில் மட்டும் அப்பா வைத்த பெயரை முழுசாக, எழுத்து எழுத்தாக எழுதிக் கையெழுத்துப் போட்டான். அவன் அப்படிப் போட்டது அதுதான் முதல் தடவை. கீழே தேதியும் எழுதினான்: 1999 மார்ச் 14, ஞாயிற்றுக்கிழமை.