புரட்டாசியில் புது எண்ணெய்

எண்ணெய் ஊறிய அந்தச் சிறிய அட்டைக் கூட்டை என் அத்தை இரண்டு கைகளாலும் ஏந்திப் பிடிப்பார், கோயில் பிரசாதத்தைப் பிடிப்பதுபோல. பினாங்கின் பாயான் பாரு வட்டாரத்தில், மின்னணுத் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. புரட்டாசி முழுக்கச் சைவம். சனிக்கிழமைகளில் ஷிப்ட் முடிந்து பெருமாள் கோயிலுக்குப் போகும் வழியில், கோழி பொரித்து விற்கும் வெளிநாட்டுக் கடைக்குள் நீலச் சீருடையோடு நுழைந்து, பொரித்த உருளைக்கிழங்கு மட்டும் வாங்குவார். "உருளக்கிழங்குதானே லா, சுத்த சைவம்" என்பார். எங்கோ ஒரு தேசத்தில் அவசரக்காரர்களுக்காகப் பிறந்த தீனி பினாங்கில் விரதச் சாப்பாடானது எப்படி என்று நான் இன்றும் யோசிப்பதுண்டு. அதைக் கண்டுபிடித்தவனிடம் சொன்னால் நம்பவே மாட்டான்.

பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் பாரம் படிக்கும்போது அதே கடையின் சமையல் பகுதியில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாளே பார்த்துவிட்டேன். கோழி பொரித்த எண்ணெயில்தான் கிழங்கும் வெந்தது. எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டுதான் அந்த வருடம் அத்தை விரதம் இருந்தார். சொன்னால் அவர் மனம் உடைந்துபோகும். சொல்லாவிட்டால் விரதத்தைக் கெடுத்த பாவம் எனக்கு.

சமையல் பகுதிக்குத் தலைவி ஒரு மலாய்ப் பெண்மணி. அவரை எல்லோரும் 'கக்' என்போம், மலாயில் அக்கா. என் முழியைப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னேன். சிரிப்பார் என்றுதான் நினைத்தேன். ஹலால் பார்த்துச் சாப்பிடுகிறவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அந்தச் சனிக்கிழமை முதல், அத்தை வருவதற்குள் ஒரு பொரிக்கும் தொட்டியைக் காலி செய்து, கழுவி, புது எண்ணெய் ஊற்றிவிடுவார். கம்பிக் கூடையையும் தேய்த்து வைப்பார். உலகத்தில் எந்த ஊரில் தின்றாலும் ஒரே ருசி இருக்க வேண்டும் என்று, எத்தனை நொடி பொரிப்பது என்பதுவரை எழுதிவைத்த தடித்த விதிப்புத்தகம் அந்தக் கடையில் இருந்தது. புரட்டாசியைப் பற்றி அதில் ஒரு வரிகூடக் கிடையாது.

எனக்கு இடம் கிடைத்தது. ஆனால் எண்ணெய் விஷயத்தைப் பற்றி நான் அத்தையிடம் வாய் திறக்கவே இல்லை.

போன புரட்டாசியில் அத்தையை அதே கடைக்குக் கூட்டிப் போனேன். இப்போது திரையைத் தொட்டுத்தான் வாங்க வேண்டும். எந்த எண்ணெய் என்று கேட்க எதிரே ஆளில்லை. அத்தை கிழங்குப் படத்தைத் தொடப் போனார். அதற்குமேல் தாங்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் விரல் அந்தரத்தில் நின்றது.

"அப்ப நீ வேலைக்குச் சேர்றதுக்கு முந்தியும், வேலைய விட்ட பின்னாடியும் நான் தின்னதெல்லாம்?"

ஒன்றும் வாங்காமல் கோயிலுக்கு நடந்தோம். அர்ச்சனைச் சீட்டு வாங்கிய பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"அந்த அம்மா பேரு என்னா?"

"தெரியாது அத்தை. கக்னுதான் கூப்பிடுவோம்."

சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. எனக்காக அவ்வளவு செய்தவரின் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.

அர்ச்சகர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். அன்று அட்டைக் கூட்டைப் பிடித்ததுபோலவே தட்டை இரண்டு கைகளாலும் ஏந்தியபடி அத்தை சொன்னார்:

"கக். நட்சத்திரம் தெரியாது சாமி. நீங்க சொல்லுங்க, பெருமாளுக்கு ஆளத் தெரியும்."