பேக் சார்பாக வந்தவன்

கைசர் பேக் (பேக் என்பது எங்கள் பக்கம் பெரிய குடும்பத்து ஆட்களுக்கான பட்டம்) இரண்டு முறை நாடாளுமன்ற உறுப்பினர், ஒரு முறை மந்திரி, பிறகு பதினோரு வருடம் ஏதேதோ நாடுகளில் தூதர். அவர் எங்கே இருந்தாலும் எங்கள் கூரா வட்டாரத்தில் அவர் பெயர் மங்காமல் பார்த்துக்கொண்டவன் மிலாத். அவன் வேலை துக்கம் விசாரிப்பது. இங்கே யார் கண்ணை மூடினாலும் கறுப்புக் கோட்டோடு வந்துவிடுவான். "பேக் சார்பா வந்திருக்கேன்" என்று வீட்டாரின் கையைப் பிடிப்பான். முன்வரிசையில் பேக்குக்குப் போட்ட நாற்காலியில் உட்காருவான். தேவாலய மண்டபத்தில் துக்கத்துக்கு வருகிறவர்களுக்குக் கசப்புக் காப்பி ஊற்றுகிறவன் நான். முப்பது வருடமாக அவன் கோப்பையை நிரப்பியிருக்கிறேன். ஒருநாளும் அவன் கண் கலங்கியதில்லை.

அவன் மனைவி விதாத்துக்கு வாய் நீளம். என்னை வைத்துக்கொண்டே கேட்பாள்.

"எவன் செத்தாலும் ஓடுறீங்களே, நான் செத்தா உங்க பேக் வருவாரா?"

"வருவாருடி. சத்தியமா வருவாரு."

"அதைப் பாக்கவாவது சீக்கிரம் போய்ச் சேரணும்!"

ஆலிவ் பறிப்பு நடக்கும்போது போய்ச் சேர்ந்தாள். வயிற்றில் கட்டி. பேக் அப்போது பெய்ரூட்டில்தான் இருந்தார். காரில் இரண்டு மணி நேரம். மகள் ஹியாம் அவர் அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டாள்.

துக்கம் மூன்று நாள். முதல் நாள் பேக் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. முன்வரிசையில் அவருக்குப் போட்ட நாற்காலியில் மிலாத் யாரையும் உட்கார விடவில்லை. கடைசி நாள் மதியம் அவன் செல்போனில் பேக் அலுவலகத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. படித்துவிட்டு என்னிடம் நீட்டினான்.

'கூராவில் விதாத் என்ற அம்மையார் காலமானார். பேக் சார்பாக நீங்கள் போய் வரவும்.'

செத்தது யார் பெண்டாட்டி என்றுகூடக் கேட்காத ஜென்மங்கள்! "அந்தச் சனியனைத் தூக்கிக் கிணத்துல போடு மிலாத்" என்றேன்.

அவன் வீட்டார் நிற்கும் துக்க வரிசையை விட்டு விலகி வெளியே போனான். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு திரும்ப உள்ளே வந்தான். நேரே மகளிடம் போய்க் கையைப் பிடித்தான்.

"பேக் சார்பா வந்திருக்கேன்மா."

"அப்பா! என்னப்பா பண்றீங்க?"

முன்வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்தான். நான் காப்பி ஊற்றினேன். கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனான். காப்பியெல்லாம் கோட்டில் கொட்டியது.

"அவகிட்ட சத்தியம் பண்ணியிருந்தேன்டா" என்று சொல்லி அழுதான்.