குதிரை வருஷத்துப் பிள்ளைகள்

ஒக்தானுக்கு ஐம்பத்தாறு வயது. குன்சான் சந்தையில் கடற்பாசித் தாள் வாட்டி விற்பவள். முப்பது வருஷம் அனல் முன்னால் நின்று கன்னம் இரண்டும் சிவந்தே போய்விட்டன. அவள் கடை பூட்டியிருந்தால் யார் வீட்டிலோ சாவு, இல்லை கல்யாணம் என்பார்கள். அப்பேர்ப்பட்டவள் ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை, சும்மா ஊர் சுற்றிப் பார்ப்பதற்காகக் கடையைப் பூட்டினாள். பில்சுன் கூப்பிட்டாளே, மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

பில்சுனும் அவளும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஒரே பெஞ்சு. கூட வந்த குய்நாமும் பள்ளிக்கூடத்துத் தோழிதான். மூன்று பேரும் காலை பஸ்ஸில் ஜொன்ஜுவுக்குக் கிளம்பினார்கள்.

"ஏண்டி, டிக்கெட்டும் நீயே எடுக்கறே, சாப்பாடும் உன் செலவுங்கறே. லாட்டரி கீட்டரி அடிச்சிருச்சா?" என்றாள் ஒக்தான்.

"அஞ்சு மாசமா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கியே, பாக்கச் சகிக்கலை. இன்னிக்கு ஒரு நாளாவது பல்லைக் காட்டுடி" என்றாள் பில்சுன்.

மூஞ்சி தொங்கியதற்குக் காரணம் இருந்தது. ஒக்தானின் மகள் போராமுக்கு இக்சான் ஊர்ப் பல் டாக்டர் ஒருவனைப் பேசியிருந்தார்கள். பையனுக்கும் பெண்ணுக்கும் ஒருவரை ஒருவர் ரொம்பப் பிடித்துப்போயிற்று. பொருத்தம்கூடப் பார்த்தாயிற்று. அந்த நேரத்தில், பெண் பிறந்தது ஆட்டு வருஷம் இல்லை, குதிரை வருஷம் என்று யாரோ பையனின் அம்மா காதில் ஓதிவிட்டார்கள். வருஷத்துக்கு ஒரு மிருகம் என்பது அந்த ஊர்க் கணக்கு; வெள்ளைக் குதிரை வருஷத்தில் பிறந்த பெண் புகுந்த வீட்டை மிதித்துத் துவைத்துவிடுவாளாம். நாசமாய்ப் போன பேச்சு! அதை நம்பி அந்த வருஷம் வயிற்றிலேயே கலைத்தவர்கள் எத்தனை பேர்! ஒக்தான் கலைக்கவில்லை. டிசம்பரில் பெற்ற பிள்ளையை, வருஷம் மாறும்வரை காத்திருந்து மார்ச்சில் பதிவு செய்தாள். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான். கல்யாணம் நின்றதும் போராம் பூசானுக்கு வேலைக்குப் போய்விட்டாள். போன் செய்தால் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை.

அந்த விஷயம் தெரிந்தவர்களே மூன்று பேர்தான். ஒக்தானின் புருஷன் செத்துப் பத்து வருஷமாயிற்று. அடுத்தது பிரசவம் பார்த்த மருத்துவச்சி. இன்னொருத்தி, அப்போது கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற பில்சுன். அப்படியானால் மருத்துவச்சியாகத்தானே இருக்க வேண்டும்? அந்தக் கிழவி நாக்கு அழுகிப்போக என்று ஒக்தான் மண்ணை வாரித் தூற்றியபோதெல்லாம் பில்சுனும் கூட உட்கார்ந்து தூற்றினாள்.

ஜொன்ஜுவில் அன்று நல்ல வெயில். ஓட்டு வீட்டுத் தெருவில் மூவரும் பட்டுப் பாவாடை சட்டை வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். பழைய அரண்மனைக் கோயிலின் மூங்கில் தோப்பில் படம் எடுக்கும்போது, "அறுபதை நெருங்குதுங்க, ஆட்டத்தைப் பாரு!" என்று குய்நாமே கேலி செய்தாள். பித்தளைக் கிண்ணத்தில் காய்கறி கலந்த பிபிம்பாப் சோறு, கெட்டிலில் அரிசிக் கள். இரண்டாவது கெட்டிலில் ஒக்தான் வயிறு வலிக்கச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்து எத்தனை நாளாயிற்று!

மூன்று மணிக்கு, "அந்தச் சந்து வழியாப் போனா நிழலா இருக்கும்" என்றாள் ஒக்தான்.

"வேணாண்டி, இப்படியே போலாம்" என்று பில்சுன் கையை இழுத்தாள். ஒக்தான் கேட்டால்தானே? சந்துக்குள் நுழைந்துவிட்டாள்.

பாதிச் சந்தில் ஒரு தையல் கடை. உள்ளேயிருந்து தையல்காரம்மா ஓடி வந்து பில்சுனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மணப்பெண்ணோட அம்மா! நல்ல நேரத்துல வந்தீங்க. உங்க ரோஸ் பட்டு ரெடி. சம்பந்தியம்மா அவங்க நீலத்தை நேத்தே இக்சானுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. பல் டாக்டர் மாப்பிள்ளை, குடுத்துவச்சவங்க நீங்க!"

பெண்ணின் அம்மாவுக்கு ரோஸ், பையனின் அம்மாவுக்கு நீலம். கல்யாணத்துக்கு என்றே தைப்பது. பில்சுனின் மகள் மிரேயை நினைத்து ஒக்தானுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது.

"மிரேக்குக் கல்யாணமா? அடிப்பாவி, எங்கிட்டச் சொல்லவே..." அப்புறம்தான் இக்சான் என்பது உறைத்தது. "எந்தப் பல் டாக்டர்டி?"

பில்சுன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குய்நாம் தரையைப் பார்த்தாள். "கல்யாணம்னு மட்டும்தாண்டி எனக்குத் தெரியும். சாயங்காலம் அவளே உங்கிட்டச் சொல்றேன்னா. மாப்பிள்ளை யாருன்னு சத்தியமாத் தெரியாது."

"அப்ப மருத்துவச்சி இல்லை" என்றாள் ஒக்தான். "நீதான் சொன்னியா?"

"பொய்யா சொன்னேன்? நீ மறைச்சதைத்தானே சொன்னேன்!" பில்சுன் சீறினாள். உடனே குரல் உடைந்தது. "அவளுக்கும் இருபத்தெட்டு முடிஞ்சிருச்சுடி. ஒரு வரனும் அமையலை. நான் என்ன பண்ணுவேன்?"

"மிரே என்ன வருஷம்டி?"

பில்சுனின் முகம் வெளுத்தது. மிரேயும் அதே டிசம்பர்தான், போராமுக்குப் பதினோரு நாள் இளையவள். இரண்டு அம்மாக்களும் இரண்டு குழந்தைகளையும் முதுகில் கட்டிக்கொண்டு ஒரே நாளில் போய், ஒரே பொய்யைச் சொல்லிப் பதிவு செய்தார்கள்.

இக்சான் அம்மாவின் நம்பர் ஒக்தானின் போனில் இன்னும் இருந்தது. ஒரு வார்த்தை போதும். அந்தப் பெயரை எடுத்துவிட்டாள்.

"நீ சொல்ல மாட்டே" என்று பில்சுன் அவள் கையைப் பிடித்தாள். "எனக்குப் பால் வத்தினப்ப நீதானே அவளுக்கும் குடுத்தே? மிரேயைக் கெடுக்க உனக்கு மனசு வராது. அந்தத் தைரியத்துலதான்..." பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அந்தத் தைரியத்தில்தான்! வேறு யாரோடு போட்டி என்றாலும் பயந்திருப்பாள். ஒக்தானின் நல்ல மனசை எடைபோட்டுப் பார்த்துவிட்டுத்தான் கழுத்தை அறுத்திருக்கிறாள். அதைவிடக் கொடுமை, அவள் போட்ட கணக்கு சரியாக இருந்தது. அந்தப் பெயரை அமுக்க ஒக்தானுக்கு விரல் வரவில்லை. போராம் பட்டதை இன்னொரு பெண்ணும் பட வேண்டுமா? போனைப் பைக்குள் போட்டாள்.

"சொல்ல மாட்டேங்க. பயப்படாதீங்க" என்றாள். "பட்டு நல்லா இருக்கு. உள்ளே போய்ப் போட்டுப் பாருங்க."

ஐம்பது வருஷப் பழக்கத்தில் அவள் வாயிலிருந்து பில்சுனுக்கு அப்படி ஒரு மரியாதை வந்ததே இல்லை.

"அடிடி என்னை! செருப்பால அடிடி! இப்படி மட்டும் பேசாதடி!" என்று பில்சுன் தெருவென்றும் பாராமல் உட்கார்ந்து அழுதாள்.

ஒக்தான் தையல்காரம்மாவிடம், பஸ் நிலையத்துக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.