யார் சொன்னது என்று எழுதாத கடிதம்

இன்று காலை எங்கள் கோயில் குழுக் கூட்டத்தில், பூக்காரர் மாராத்தாளின் கடையை வாசலிலிருந்து அகற்றச் சொல்லும் கடிதத்தைச் செயலாளர் ஆங்கிலத்தில் வாசித்தார். சுவாமிக்குச் சாத்திக் களைந்த மாலைகளை அவர் மறுபடி விற்பதாக 'இட் இஸ் ரிப்போர்ட்டட்' என்று அதில் இருந்தது.

செயலாளர் அதைத் தமிழில் சொன்னபோது மாராத்தாளும் அங்கேதான் நின்றார்.

"ஏனுங்க, ஆருங்க அப்படிச் சொன்னது?"

"ஆபீஸ் லெட்டர்ல ஆளு பேரு வராதுங்க அம்மணி. சொல்லப்படுதுன்னுதான் எழுதோணும்."

"ஆளில்லாம பேச்சு மட்டும் தானா நடந்து வந்துச்சுங்களா? இந்தக் கடையிலதானுங்க எங்க ஊட்டு அடுப்பு எரியுது."

கையெழுத்துக்காகக் கடிதம் என் முன் வந்தது.

சென்ற வாரம் வாடிய அரளி மாலை ஒன்றைக் கண்டு, "இது களைந்த மாலையோ?" என்று செயலாளரிடம் ஐயுற்றவன் நானே. விசாரிக்கவில்லை. என் ஐயம் ஆங்கிலத்துக்குள் புகுந்து, குற்றமாகத் திரும்பியிருந்தது.

அந்தச் சொற்றொடரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். வாடிய அரளியைக் கண்டு எழுந்த வெறும் சந்தேகம் என்றும் சேர்த்து, எல்லோரும் கேட்க வாசித்தேன்.

"ஐயா, இப்படி எழுதுனா லெட்டரே நிக்காதுங்களே!" என்றார் செயலாளர்.

"நிக்க வேண்டாமுங்க."

மாராத்தாள் என்னைப் பார்த்தார். "வெயில்ல அரளி வாடாம என்னங்க பண்ணும்? ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்களே சாமி."

திட்டியிருந்தால் தேவலை.

நாளையும் அவரிடம்தான் மாலை வாங்க வேண்டும். எந்த முகத்தோடு போவது என்று இதைப் படிப்பவர்கள் கூறுங்கள். 'கருதப்படுகிறது' என்று எழுதாமல், அவரவர் பெயரிலேயே கூறுங்கள்.