வீடு எனக்கு, படகு உனக்கு

கல்யாணம் முடிந்த பிறகு கணவனும் மனைவியும் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேச நான் தேர்ந்தெடுத்தது ஞாயிற்றுக்கிழமை மதியத்தை. ராயபுரம் தேவாலயத்தில் பூசை முடிந்திருந்தது. வஞ்சிரக் குழம்பு சாப்பிட்டாயிற்று. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் என் கணவருக்கு அன்று டியூட்டி இல்லை. எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகே வாயைத் திறந்தேன்.

திருவொற்றியூரில் நாங்கள் இருக்கும் வீட்டை, கல்யாணத்துக்கு முன்பே என் அம்மா எனக்கு எழுதி வைத்துவிட்டார். கணவரின் அண்ணன் புதுப் படகு வாங்கப் போகிறார், தம்பியான என் கணவரும் கூட்டு. கடனுக்கு வீட்டுப் பத்திரத்தை வைக்கலாமே என்று அண்ணன் சிரித்துக்கொண்டே இரண்டு முறை கேட்டுவிட்டார். மூன்றாவது முறை கேட்பதற்குள் எனக்கு எழுத்தில் ஒன்று வேண்டும். வீடு எனக்கு, படகு உனக்கு, இதைக் காட்டி அதற்குக் கடன் கூடாது. கோர்ட்டில் இது செல்லுமா என்பது சந்தேகம்தான் என்றார் வக்கீல். அண்ணனிடம் செல்லுபடியானால் எனக்குப் போதும்.

நான் தயாரித்திருந்த தாளைக் கணவர் பொறுமையாகப் படித்தார். ‘பிரிவு ஏற்பட்டால்’ என்ற இடத்தில் விரல் நின்றது.

“இன்னாம்மே, கெளம்பப் போறியா?”

“ஐயோ, இல்லப்பா. எங்க பிளான்ட்ல வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, தீப்புடிச்சா என்ன செய்யணும்னு எழுதுவோம். எழுதினா தீப்புடிக்கணும்னு ஆசைப்படுறோமா?”

“நான் இன்னா, கேஸ் சிலிண்டரா?”

எண்ணூர்ப் பக்கம் ஓர் ஆலையில் நான் பராமரிப்புப் பொறியாளர். இயந்திரத்துக்குள் கை விடுகிறவர் அதன் சுவிட்சைப் பூட்டி, ‘இயக்காதே’ என்று அச்சடித்த சிவப்பு அட்டையில் தன் பெயரை எழுதி மாட்ட வேண்டும். மாட்டியவர் மட்டுமே அதைக் கழற்றலாம். மேலாளரே வந்தாலும் தொடக் கூடாது. ஒப்பந்தமும் அப்படித்தான், ஒருவர் போட்டதை இன்னொருவர் கழற்றாமல் இருக்க, என்று அவருக்கு விளக்கினேன். என் பையில் ஒரு கட்டு அட்டை இருந்ததை மறந்துவிட்டேன்.

மறுநாள் மாலை வேலையிலிருந்து வந்தபோது, எங்களைப் பார்க்க வந்த மாமியார், தன்னிடமுள்ள சாவியால் திறந்து, ஹாலில் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார். மடியில் நெத்திலிப் பை.

“ஏன் அத்த, ஃபேன் போட்டுக்கக் கூடாதா?”

“எப்டி போடுறது? இயக்காதேன்னு எழுதிகீதே! ஃபிரிட்ஜுலயும் அதே தொங்குது. நெத்திலி வீணாப் போவுதேன்னு பேஜாரா கீது. வூட்ல கேஸ் கீஸ் லீக்கா?”

ஃபேன் சுவிட்ச், ஃபிரிட்ஜ், மிக்சி, அடுப்பு, கட்டிலின் ஒரு பாதி. எல்லாவற்றிலும் சிவப்பு அட்டை, அதில் என் பெயர். காலையில் எனக்குப் பிறகு கிளம்பிய கணவர் தன் பெயரில் எடுத்துக்கொண்டது கேரம் போர்டை மட்டும். அதிலும் ஸ்ட்ரைக்கர் எனக்கு.

சற்று நேரத்தில் அவரும் டியூட்டி முடிந்து வந்தார்.

“இன்னா நைனா இது?” என்றார் மாமியார்.

“ஒம் மருமவ சொத்தப் பிரிக்கிறாம்மா.”

“பிரிச்சுக்கோங்க, யாரு வேணாம்னா? மொதல்ல அந்த ஃபேனப் பிரிச்சு எனக்குக் குடுங்க.”

நான் ஃபேனைப் போட்டேன். கணவர் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“எங்க படகுல புடிக்கிற மீன்ல எஞ்சினுக்கே ஒரு பங்கு உண்டு. இதுல எனக்கு இன்னா கீது? வூடு உன்துன்னா நான் யாரு, வாடகைக்காரனா?”

பதினொரு நிபந்தனைகளையும் மறுபடி படித்தேன். பாத்திரங்களுக்கு இருந்தது, பைக்குக்கு இருந்தது. அவர் இந்த வீட்டில் இருப்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அவர் போனை எடுத்தார். “அண்ணே, படகுக்கு நான் கூட்டு. பத்திரம் கெடையாது. அது அவளுது.” அந்தப் பக்கம் ஏதோ சத்தம் கேட்டது. “அதெல்லாம் கையெழுத்துப் போட்டாச்சு, மாத்த முடியாது” என்று வைத்துவிட்டு, அதன் பிறகுதான் பேனாவைத் தேடிக் கையெழுத்துப் போட்டார்.

கையோடு புது அட்டை ஒன்றில் தன் பெயரை எழுதி வாசல் கதவின் தாழ்ப்பாளில் மாட்டினார்.

“போட்டவன்தான் கழட்டணும். உங்க ரூல்.”

பாதுகாப்பு விதியை மீறும் பழக்கம் எனக்கில்லை. நெத்திலியைக் கழுவப் போனேன். பின்னாலிருந்து மாமியாரின் குரல் வந்தது.

“அப்போ நான் வூட்டுக்குப் போவலாமா, கூடாதா?”