ஜெமந்தாவுக்குப் போன கட்டுச்சோறு

என் தம்பி பெண்டாட்டியை எனக்குப் பிடிக்காது. அவள் எனக்கு என்ன கெடுதல் செய்தாள் என்று கேட்டால், ஒன்றுமில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஒரு சண்டையாவது போட்டிருந்தால் நானும் நாலு பேரிடம் சொல்லி ஆற்றிக்கொண்டிருப்பேன்.

எங்கள் வீடு மலாக்காவில், காஜா பெராங்கில், செட்டிகள் குடியிருக்கும் செட்டிக் கம்பத்துக்கு இந்தப் பக்கம். அந்தக் கம்பத்துப் பெண்ணைத்தான் தம்பி விரும்பிக் கட்டிக்கொண்டான். மலாக்கா செட்டிகள் சாமி காரியத்தில் நம்மைவிட ஒரு படி மேலே நிற்பார்கள். வீட்டில் பேசுவது மட்டும் மலாய். அவளும் கெபாயாச் சட்டையும் சாரோங் கைலியுமாக, நெற்றியில் திருநீறோடு, தெரிந்த பத்துப் பதினைந்து தமிழ் வார்த்தைகளை மலாயில் தோய்த்துத் தோய்த்துப் பேசுவாள். அதைக் கேட்டு அப்பா விழுந்து விழுந்து சிரிப்பார். அம்மா போன பிறகு அப்பா சிரித்து நான் பார்த்ததில்லை. நான் பொங்கிப் போட்ட பத்து வருஷத்தில் ஒரு நாள்கூடச் சிரிக்காதவர், அவள் வந்த பத்து நாளில் சிரித்தார்.

ஜப்பான்காரன் காலத்தில் அம்மா இறந்தபோது தங்கைக்கு ஏழு வயது. மரவள்ளிக் கிழங்கை அவித்து, உரித்து, அவள் வாயில் ஊட்டியவள் நான். தலை வாரியவள் நான். எனக்குக் கல்யாணமாகி அடுத்த தெருவுக்குப் போன பிறகும் அவளுடைய சடை என் கையில்தான் இருந்தது. பிறகு அவள் ஜெமந்தா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். நாட்டுக்குச் சுதந்திரம், மெர்டேக்கா, வந்து சில மாதங்களில் அவளுக்கு ஏழாம் மாதம் என்று கடிதம் வந்தது.

எங்கள் வழக்கத்தில் ஏழாம் மாதம் தாய்வீட்டார் ஐந்து வகைச் சோறு ஆக்கிக் கட்டிக்கொண்டு போக வேண்டும். அதைப் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஊட்டி, வளையல் அடுக்கி, பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். முதல் வளையலைத் தாய் போட வேண்டும். தாய் இல்லாவிட்டால் தாய் இடத்தில் நிற்பவள். அந்த இடத்தில் நிற்பது யார் என்று எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. ஆனால் அப்பா கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "நீ இன்னொரு வீட்டுக்குப் போனவ. இந்த வீட்டு விளக்கு ஏத்துறவ மருமகதான். முதல் வளையல அவ போடட்டும்" என்றார். நான் சரி என்றேன். வீட்டுக்குப் போய் ஒரு மூட்டைத் துணியையும் ஒரே மூச்சில் துவைத்துப் போட்டேன்.

சோறு ஆக்குவதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு மூன்றும் என் பொறுப்பு. தேங்காய்ச் சோறும் சர்க்கரைப் பொங்கலும் அவளுக்கு. அவள் தேங்காய்ச் சோற்றைத் தாளிக்கவில்லை. பாலில் வேகவைத்து, வாசனைக்குப் பாண்டான் இலை முடிந்து போட்டு, தன் வீட்டு நாசி லெமாக்கை ஆக்கி வைத்தாள். இது நம் முறையில் சேராதே என்றேன். அப்பா ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, தேங்காயும் சோறும் இருந்தால் தேங்காய்ச் சோறுதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

தம்பி லாரி ஓட்டிய இடத்துச் சீன முதலாளி, தவுக்கே, தன் பழைய கறுப்புக் காரை ஒரு நாளைக்குக் கொடுத்தார். துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். முன்சக்கரத்துப் பழம் ஒன்று நசுங்காமல் உருண்டு சாக்கடையில் விழுந்தது. நசுங்காத பழத்தோடு கிளம்பக் கூடாது என்று அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாக்கடையில் இறங்கிவிட்டார். பழம் கிடைத்தது, ஒரு செருப்பு போனது. ராகுகாலம் வருவதற்குள் கிளம்ப வேண்டும் என்பதால் ஒற்றைச் செருப்போடு காரில் ஏறினார். நானும் அவளும் பின் சீட்டில் உட்கார்ந்தோம். நடுவில் ஐந்து எனாமல் தூக்குகள், காலடியில் தங்கைக்கு எடுத்த அரக்குப் பட்டும் வளையல்களும் இருந்த தகரப் பெட்டி.

ஜாசினைத் தாண்டியதும் கார் கொதித்து நின்றது. தம்பி மூடியைத் திறந்துவிட்டுத் தண்ணீர் கேட்டான். நான் இறங்கி எந்தப் பக்கம் போவது என்று பார்ப்பதற்குள் அவள் ஒரு மலாய்க்காரர் வீட்டு வாசலில் நின்று, ஏதோ சொந்தக்காரர் வீடு மாதிரி உள்ளே பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு வாளித் தண்ணீரும் இரண்டு பப்பாளிப் பழமும் அந்த வீட்டு அம்மாளுமாகத் திரும்பி வந்தாள். அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவளிடம் கேட்டது எனக்கு நன்றாகவே புரிந்தது. இது உன் மாமியாரா என்று கேட்டாள். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. தம்பி ரேடியேட்டர் மேல் குனிந்தபடியே சிரித்தான். அவள் மட்டும் சிரிக்காமல், இல்லை, என் அக்கா என்று சொன்னாள். சிரித்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

தங்காக் தாண்டி, லேடாங் மலை பக்கத்தில் தெரியும் இடத்தில் சாலைத் தடுப்பு. அவசரகாலம் இன்னும் முடியவில்லை. காட்டில் இருந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்ச் சேராமல் இருக்க, அந்தப் பக்கத்துக்கு அரிசியோ சோறோ கொண்டு போகக்கூடாது என்று கட்டுப்பாடு. இதெல்லாம் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்தச் சட்டம் மூட்டை கடத்துகிறவர்களுக்கு, கட்டுச்சோற்றுக்கு யார் சட்டம் போடுவார்கள் என்று அப்பா சொன்னதை நாங்கள் அப்படியே நம்பியிருந்தோம். அங்கே நின்ற போலீஸ்கார மாத்தா ஐந்து தூக்கையும் திறந்து பார்த்தார். இங்கேயே சாப்பிட்டு முடியுங்கள், இல்லாவிட்டால் திருப்பிக் கொண்டு போங்கள், ஒரு பருக்கைகூட இதைத் தாண்டக்கூடாது என்றார்.

கட்டுச்சோறு வீடு திரும்பக் கூடாது. கொட்டவும் கூடாது. அப்பா இதை மாத்தாவுக்குத் தமிழில் விளக்கினார். மாத்தா மலாயில் தலையாட்டினார். நாங்கள் நாலு பேர், இருந்ததோ முப்பது பேர் சாப்பிடுகிற சோறு. எங்களுக்குப் பின்னால் சோதனைக்கு ஒரு பஸ் நின்றது. அவள் மளமளவென்று ரோட்டோரத்து வாழையில் இலை அறுத்து, பஸ்ஸில் இருந்தவர்களை எல்லாம் இறக்கிப் பந்தி வைத்துவிட்டாள். கோழிக்கூடையோடு ஒரு சீனத்து அம்மாள், பால்மரம் வெட்டுகிற நம் ஆட்கள், மலாய் வாத்தியார் ஒருவர். எல்லோரும் உண்டு, யாருக்கு என்ன விசேஷம் என்று தெரியாமலே வாழ்த்தினார்கள். யாரோ தம்பிக்கும் அவளுக்கும் கல்யாணம் என்று நினைத்துக் கைகொடுத்தார்கள். மாத்தாவும் ஓர் இலையை வாங்கிக்கொண்டார்.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். முதலில் தீர்ந்தது அவளுடைய தேங்காய்ச் சோறு. வழித்து வழித்துக் கேட்டார்கள். என் தயிர்ச்சோறு பாதியில் நின்று, கெஞ்சிக் கெஞ்சிப் போட்ட பிறகுதான் தீர்ந்தது. என் புளிச்சோற்றைச் சீனத்து அம்மாள் மோந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று கையசைத்தாள். இரண்டு நாள் புளிக்காய்ச்சல் காய்ச்சியவள் நான். உடம்புக் காய்ச்சல் வந்தால் தங்கை இந்தச் சோற்றைத்தான் கேட்பாள். இதைக் கோழிக்கூடைக்காரிக்கு எதற்குப் போட வேண்டும்? வளையல் அவளுக்குப் போகட்டும், முதல் வாய்ச் சோறாவது என்னுடையதாக இருக்கட்டும் என்று மனசு சொன்னது. எல்லோரும் இலையில் குனிந்திருந்த நேரத்தில் புளிச்சோற்றுத் தூக்கைக் காருக்குள் கொண்டு போய், தகரப் பெட்டியில் பட்டுச் சேலைக்கு அடியில் வைத்து மூடினேன். தம்பி கேட்டபோது, புளிச்சோறு எப்போதோ தீர்ந்துவிட்டது என்றேன். அப்பா அதைக் கேட்டு, பார்த்தாயா, உன் கைமணம் என்றார்.

அந்தக் காலத்தில் சோறு கடத்திப் பிடிபட்டால் கார் போகும், லைசென்ஸ் போகும், ஆளும் உள்ளே போவான். கார் தவுக்கேயுடையது. லைசென்ஸ்தான் தம்பிக்குப் பிழைப்பு. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் வைத்தேன். அந்த நேரத்தில் தம்பியைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி, வாசலில் இன்னொரு காவல். அங்கிருந்த மாத்தா கார்க் கதவைத் திறந்ததும் மூக்கைச் சுருக்கினார். பெருங்காயமும் நல்லெண்ணெயும் ஒளிந்திருக்கிற வாசனையா? மேடு பள்ளத்தில் தூக்கு சாய்ந்து, எண்ணெய் வழிந்து, பட்டுச் சேலையில் பெரிய கறையாகப் படர்ந்திருந்தது. மாத்தா தூக்கை எடுத்துக் காரின் மேல் வைத்தார். தம்பியின் லைசென்ஸைக் கேட்டார். இதை வைத்தது யார் என்று கேட்டார். தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது. அப்பா ஒற்றைச் செருப்போடு இறங்கி நின்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். நான் சேலைக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சாயா புன்யா, என்சே" என்றாள் அவள். என்னுடையதுதான் ஐயா என்று சொல்லி இறங்கினாள். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி இதற்காக ஏங்கிக் கிடக்கிறாள், அறிவில்லாமல் ஒளித்து வைத்துவிட்டேன், என் புருஷனுக்குத் தெரியாது என்று மலாயில் பணிவாகச் சொன்னாள். மாத்தாவின் சொந்த ஊரும் மலாக்கா என்று எப்படியோ கண்டுபிடித்தாள். அவர் ரொம்ப நேரம் திட்டினார். பிறகு லைசென்ஸைத் தம்பியிடம் நீட்டி, சோற்றை இப்போதே கொட்டு என்று அவளிடம் சொன்னார். என் புளிச்சோற்றை அவள் தன் கையாலேயே சாக்கடை ஓரத்தில் கொட்டினாள். தூக்கைக் கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏன்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அக்கா மலாய் பேசுனா அவன் இன்னும் மாரா ஆயிடுவான்" என்றாள். என் அரைகுறை மலாயைக் கேட்டால் கோபம் கூடிவிடும் என்பதைத்தான் அப்படிச் சொன்னாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. அந்த இடத்தில் அவள் என்னை நாலு வார்த்தை ஏசியிருந்தால் நான் அழுது தீர்த்திருப்பேன்.

கிராணி வீட்டுக்குள் வெறும் தூக்குகளோடும் கறைபட்ட சேலையோடும் போய் நின்றோம். சம்பந்தி அம்மாள் சேலையைக் கையில் தூக்கிப் பார்த்தாள். அப்பாவுக்கு அவமானம் தாங்கவில்லை. செட்டிப் பெண்ணுக்கு நம் முறை எங்கே தெரிகிறது, சோற்றைச் சேலையில் சுற்றி எடுத்து வந்திருக்கிறாள் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டு அடுக்களைப் பக்கம் போய்விட்டாள். தம்பி காரைத் துடைக்க வெளியே இறங்கினான். பிறகு அப்பா என்னைப் பார்த்து, "மூத்தவளே, நீயே முதல் வளையலைப் போடு. அதான் சரி" என்றார்.

நான் ஆசைப்பட்டது அப்படியே என் மடியில் வந்து விழுந்தது. ஒளித்தது நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைச் சொல்லாமல் வளையல் தட்டை எடுத்துக்கொண்டு தங்கை முன்னால் உட்கார்ந்தேன். அவளுக்கு முகம் ஊதி, அம்மா சாயல் வந்திருந்தது. எனக்கு ஒரு பக்கம் சந்தோஷமாக இருந்தது என்பதையும் மறைக்க மாட்டேன்.

தங்கை மடியில் கிடந்த சேலையின் கறையை விரலால் தொட்டு, மூக்கருகே கொண்டு போனாள். சுற்றி இருந்தவர்கள் பாட்டை ஆரம்பித்திருந்தார்கள். அவள் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அண்ணிக்குப் புளிக்காய்ச்சல் வைக்கவே தெரியாதே, அக்கா."

என் கையில் வளையல் இருந்தது. அவள் காட்டிக்கொடுக்கவில்லை. கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. நான் சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்தபடி, கையை நீட்டியது நீட்டியபடியே வைத்திருந்தாள். என்னிடமிருந்து பேச்சு வராது என்று தெரிந்ததும் பார்வையை அடுக்களை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் ஒவ்வொரு வளையலாகப் போட்டு முடிக்கிற வரைக்கும்.