தம்பி கடை லைட்டு போனதற்கு நன்றி

கண்ணாடிக்காரர் கட்டரால் ஒரே இழுப்பில் கோடு போட்டு ஓரத்தில் தட்டினால், கண்ணாடி 'டக்'கென்று இரண்டாகும். பிசிறு இருக்காது. அப்பேர்ப்பட்ட கையைத்தான் கூடப் பிறந்த தம்பி பழித்தான். அப்பா விட்டுப்போன கடையில், கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னான்: "அண்ணனுக்குக் கை நடுங்குது. நம்பிக் குடுக்காதீங்க."

சொன்னதையே சொன்னால் ஊர் நம்பாதா? நம்பியது. அண்ணன் படியிறங்கி, எதிர்ச்சாரியில் பொந்து மாதிரி ஒரு கடை பிடித்தார். அதே சொல்லை அவன் முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுக்காமல் சாகமாட்டேன் என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

வருஷம் போகப் போக அந்த முடிச்சே நெஞ்சை அடைத்தது. ஆஸ்பத்திரி நர்ஸம்மா மாத்திரையோடு ஒரு யோசனையும் கொடுத்தாள். "தினமும் சாப்பிடறதுக்கு முன்னாடி, நடந்த நல்லது ஒண்ண நெனச்சு நன்றி சொல்லுங்க ஐயா. மனசு கெட்டிப்படும். எந்த அடியையும் தாங்கும்."

அன்று தட்டின் முன் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தார்.

"தம்பி கடை போர்டு லைட்டு பியூஸ் போச்சு. நன்றி."

மனைவி கரண்டியும் கையுமாக நின்றுவிட்டாள். "இதுவா நல்லது?"

"எனக்கு நல்லதுதானே?"

மறுநாள் தம்பி கடை வாசலில் சாக்கடை பொங்கியதற்கு நன்றி. பிறகு அவன் வண்டி டயர் வெடித்ததற்கு. ஆச்சரியம், நெஞ்சுவலி நின்றேபோனது.

"மருந்து வேலை செய்யுது பாத்தியா?"

"ஏங்க, விஷத்தக்கூட அளவாத்தான் சாப்பிடணும்" என்பாள் அவள்.

அப்புறம் பேத்தி பிறந்தாள். மகள் கொண்டுவந்து மடியில் வைத்தாள். என்ன கொட்டாவி, என்ன நெளிப்பு! கண்ணாடி கீறிக் கீறிக் காய்த்துப்போன தாத்தாவின் விரலை இறுக்கிப் பிடித்தவள் விடவேயில்லை. அன்று தட்டின் முன் தம்பி ஞாபகமே வரவில்லை. அது அவருக்கே பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்பியே வாசலில் வந்து நின்றான். துரும்பாக இளைத்திருந்தான்.

"அண்ணே, புள்ளய ஒரு தடவ தூக்கிக்கறேன்."

மகளும் மருமகனும் பார்த்திருக்க, அவரே குழந்தையை எடுத்துவந்தார். தம்பி கைகளை நீட்டினான். இரண்டும் நடுநடுங்கின.

இத்தனை வருஷம் நாக்கில் ஊறிய சொல். பதறாமல், நிறுத்திச் சொன்னார்:

"கை நடுங்குது தம்பி. நம்பிக் குடுக்க முடியாது."

தம்பியின் முகம் கோடு விழுந்த கண்ணாடியானது, தட்டினால் போதும். அவர் அதைக் கண்குளிரப் பார்த்தார். பார்த்து முடித்த பிறகுதான், "உக்காரு" என்று நாற்காலியைக் காலால் தள்ளினார். குழந்தையை அவன் மடியில் வைத்து, நடுங்கும் கைகளுக்கு அடியில் தன் கைகளை முட்டுக்கொடுத்தார்.

"விட்டுடாதண்ணே."

"உனக்காக இல்லடா. எம் பேத்திக்காக."

சாப்பாட்டு வேளையில் மனைவி கேட்டாள். "இன்னிக்கு நன்றி எதுக்கு?"

"அவன் கை நடுங்கினதுக்கு."

அவள் முறைத்தாள்.

"சரி, என் கை நடுங்காததுக்கும்."

"இத மொதல்ல சொன்னா என்னவாம்?"

"தட்டுல எது ருசியோ, அதத்தானேடி மொதல்ல எடுப்பாங்க?"